நாற்று இங்கே... அறுவடை எங்கே?

வாசுதேவநல்லூர்ப் பக்கம் குளத்தில் தண்ணீர் வற்றினால் போதும், கிரிக்கெட் சீசன் தொடங்கிவிடும். வெடித்துக் கிடக்கிற குளத்துக்குள் நடுவே ஒரு பட்டையை மட்டும் தண்ணீர் தெளித்து, மிதித்து, பிட்ச் ஆக்கியிருப்பார்கள். மேற்கே மலை, கிழக்கே கரை. கரையைத் தாண்டினால் சிக்ஸ். கருவேல முள்ளுக்குள் போனால் அடித்தவனே போய்ப் பந்தை எடுத்து வர வேண்டும். ஆடுகிறவர்களில் பாதிப் பேர் மஞ்சள் டீ-ஷர்ட். முதுகில் 7.

இருட்டிய பிறகு டீக்கடையில் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

"ஏல, பேருலதான் சென்னை இருக்கு. டீம்ல நம்மாளு எத்தன பேருல இருக்கான்?"

"அதுக்கு என்னல இப்போ? ஜெயிச்சா நீதான மொத ஆளா பட்டாசு வாங்குத!"

இதோடு பேச்சு முடிந்துவிடும். ஆனால் கேள்வி முடிவதில்லை. 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றத்திலேயே இது எழுந்தது. தமிழ்நாட்டு வீரர்களுக்கு இடம் கொடுக்காத சென்னை சூப்பர் கிங்ஸ் அணியைத் தடை செய்ய வேண்டும் என்று பாமக உறுப்பினர் ஒருவர் பேசினார். சிரித்தவர்கள் பலர், "சரியாத்தான் கேட்டாரு" என்றவர்களும் பலர். இரண்டு தரப்புமே கணக்கைப் பார்க்கவில்லை என்பதுதான் விஷயம். உணர்ச்சியை ஓரமாக வைத்துவிட்டு, வரவு செலவுப் புத்தகத்தைத் திறக்கிற மாதிரி இதைத் திறந்து பார்க்கலாம்.

முதலில் ஒரு எட்டு அமெரிக்கா போய் வர வேண்டும். அங்கே கிரிக்கெட்டுக்குப் பதில் பேஸ்பால். பெரிய லீகில் 30 அணிகள். ஒவ்வொரு அணிக்கும் கீழே, படிப்படியாக, சின்ன ஊர்களில் சின்ன அணிகள். 'மைனர் லீக்' என்பார்கள். பள்ளியோ கல்லூரியோ முடித்த பையனைப் பெரிய அணி எடுத்து, இந்தப் படிகளில் கீழ்ப்படியில் விடும். அவன் ஒவ்வொன்றாக ஏறி வர வேண்டும். அதனால் அங்குள்ள ரசிகர் பெரிய அணியின் ஸ்கோரோடு நிறுத்துவதில்லை. "நம்ம டீமோட கீழ்ப்படியில இருக்கிற அந்தப் பையன் நேத்து எப்படிப் போட்டான்?" என்று தினமும் பார்க்கிறார். மூன்று வருடம் கழித்து வரப்போகிறவனை இன்றே தெரியும்!

அந்தப் படியில் இந்தியர்களும் ஏறிப் பார்த்திருக்கிறார்கள். 2008-ல் ஒரு டிவி போட்டியில் வேகமாகப் பந்தெறிந்து தேர்வான ரிங்கு சிங், தினேஷ் படேல் என்ற இரண்டு உத்தரப்பிரதேசப் பையன்களைப் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி ஒப்பந்தம் செய்தது. இருவரும் ஈட்டி எறிந்து பழகியவர்கள், பேஸ்பாலைத் தொட்டதே இல்லை. தினேஷ் 2010-லேயே திரும்பிவிட்டார். ரிங்கு இன்னும் சில படி ஏறினார், ஆனால் உச்சிப்படி எட்டவில்லை. பிறகு மல்யுத்த மேடைக்குப் போய்விட்டார்.

அமெரிக்காவை விட்டுவிட்டு ஊருக்கு வருவோம். தமிழ்நாட்டில் அப்படி ஒரு படி இருக்கிறதா? இருக்கிறது. 2016-ல் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம் தொடங்கிய டிஎன்பிஎல். எட்டு அணிகள், எல்லோரும் தமிழ்நாட்டு வீரர்கள். சென்னையைத் தாண்டி திண்டுக்கல்லிலும் திருநெல்வேலியிலும் ஆட்டம். திருநெல்வேலி என்றால் தாழையூத்து, சங்கர் நகர் மைதானம். வாசுதேவநல்லூரிலிருந்து சங்கரன்கோவில் வழியாகப் பஸ் பிடித்தால் இரண்டரை மணி நேரத்துக்குள் போய்விடலாம்.

அந்த மைதானத்துக்கு இன்னொரு விசேஷம். அது இந்தியா சிமெண்ட்ஸ் மைதானம். 1949-ல் அந்தக் கம்பெனி தன் முதல் ஆலையைத் திறந்ததே சங்கர் நகரில்தான். 2008-ல் சென்னை ஐபிஎல் அணியை ஏலத்தில் எடுத்ததும் அதே கம்பெனிதான். ஆக, மஞ்சள் சட்டைக்கு வேர் எங்கே என்று தோண்டினால் தாமிரபரணிக் கரைப் பக்கம்தான் மண்வெட்டி போய் முட்டும்.

சரி, நாற்றங்கால் இருக்கிறது. நாற்று எப்படி வளர்ந்திருக்கிறது?

சும்மா சொல்லக்கூடாது, அமோகம்!

நடராஜன். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி. 20 வயது வரை டென்னிஸ் பந்துதான். 2016, டிஎன்பிஎல் முதல் சீசனில் திண்டுக்கல் அணிக்காக ஒரு சூப்பர் ஓவர். ஆறு பந்தும் யார்க்கர். அடுத்த பிப்ரவரி ஏலத்தில் அடிப்படை விலை 10 லட்சம், போன விலை 3 கோடி. வாங்கியது பஞ்சாப்.

வருண் சக்கரவர்த்தி. கட்டடக் கலை படித்துவிட்டு வேலையும் பார்த்தவர். 2018-ல் மதுரை பேந்தர்ஸ் கோப்பையை வென்ற சீசனில் அவர் பந்தை யாராலும் படிக்க முடியவில்லை. அந்த டிசம்பர் ஏலத்தில் 20 லட்சத்தில் தொடங்கி 8.4 கோடியில் நின்றது. வாங்கியது இதுவும் பஞ்சாப். பிறகு கொல்கத்தா.

சாய் சுதர்சன். 2021-ல் கோவை அணிக்கு முதல் ஆட்டத்திலேயே 43 பந்தில் 87. அடுத்த வருடம் குஜராத் 20 லட்சத்துக்கு எடுத்தது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. 2023-ல் டிஎன்பிஎல் முதல் முறையாக ஏலம் நடத்தியபோது கோவை அணி அவருக்குக் கொடுத்தது 21.6 லட்சம். ஐபிஎல் சம்பளத்தைவிட உள்ளூர்ச் சம்பளம் அதிகம்! அதே ஆண்டு மே மாதம் ஐபிஎல் இறுதி ஆட்டத்தில் 47 பந்தில் 96 அடித்தார். யாருக்கு எதிராக? சென்னைக்கு எதிராக. 2025 ஐபிஎல்லில் 759 ரன்னோடு முதலிடம், அதே ஆண்டே இந்திய டெஸ்ட் அணி.

இந்தப் பட்டியலில் ஷாருக்கான் (தமிழ்நாட்டு ஷாருக்கான்!) உண்டு. 2021-ல் பஞ்சாப் 5.25 கோடி, 2022-ல் அதே பஞ்சாப் 9 கோடி. சுழல் பந்து சித்தார்த் உண்டு. 2023 டிசம்பரில் லக்னோ 2.4 கோடி. நாற்று இங்கே வளர்கிறது. நடவு பஞ்சாபில், குஜராத்தில், லக்னோவில்.

சென்னை இவர்களைப் பார்க்கவே இல்லையா என்றால், அப்படியும் சொல்ல முடியாது. பார்த்தது. சிலரை எடுத்தது. எடுத்து உட்கார வைத்தது. பாபா அபராஜித் மஞ்சள் சட்டையில் பல சீசன் இருந்தும் ஒரு ஐபிஎல் ஆட்டம்கூட ஆடவில்லை. சாய் கிஷோர் 2020, 2021 இரண்டு சீசனும் சென்னையில் இருந்தார், ஒரு வாய்ப்பும் வரவில்லை. 2022-ல் குஜராத் 3 கோடி கொடுத்துக் கூட்டிப் போய் ஆட வைத்தது. ஜெகதீசனைச் சென்னை 2018-ல் எடுத்து, ஐந்து வருடத்தில் 7 ஆட்டம் கொடுத்து, 2022 நவம்பர் 15-ல் விடுவித்தது. நவம்பர் 21-ல் அவர் விஜய் ஹசாரே கோப்பையில் அருணாசலப் பிரதேசத்துக்கு எதிராக 141 பந்தில் 277 அடித்தார். தொடர்ந்து ஐந்தாவது சதம் அது!

இதைப் படித்ததும் கோபம் வரும். டீக்கடைக்காரர்கள் பக்கம் நியாயம் இருப்பதாகத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள்.

அமெரிக்க அணி மைனர் லீக் பையனுக்குப் பல வருடம் காத்திருக்கிறதே, பாசத்தினாலா? இல்லை. அவனுடைய உரிமை அந்த அணியிடம் இருக்கிறது. பெரிய அணிக்கு ஏறி வந்த பிறகும் ஆறு சீசன் வரை அவன் தன் விருப்பத்துக்கு வேறு அணி தேட முடியாது. வளர்க்கிற செலவு யாருடையதோ வரவும் அவர்களுடையதே. தன் தோட்டத்து எலுமிச்சைக் கன்றுக்குத் தண்ணீர் ஊற்ற யாரும் யோசிப்பதில்லை.

ஐபிஎல்லில் கதை வேறு. இங்கே செலவு தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்துடையது, டிஎன்பிஎல் அணி முதலாளிகளுடையது, சென்னை லீக் கிளப்புகளுடையது. வரவு ஏலத்தில் அதிக விலை கேட்ட பத்தில் ஒருவருடையது. சாய் சுதர்சன் சேப்பாக்கத்துக்குப் பக்கத்திலேயே வளர்ந்தாலும் சென்னை அணிக்கு அவர்மேல் ஒரு பைசா முன்னுரிமை கிடையாது. ஐபிஎல் தொடங்கிய காலத்தில் தங்கள் வட்டாரத்து வீரர்கள் சிலரை எடுத்தே ஆக வேண்டும் என்று அணிகளுக்கு விதி இருந்தது. 2011 இறுதி ஆட்டம் ஞாபகம் இருக்கிறதா? சேப்பாக்கத்தில் முரளி விஜய் 95, முதல் ஓவரிலேயே கெய்லைப் பூஜ்யத்தில் அனுப்பிய அஷ்வின், கூடவே பத்ரிநாத். அந்தக் காலம் சும்மா வந்ததில்லை, அதற்குப் பின்னால் ஒரு விதியும் இருந்தது. விதி போனது, பழக்கமும் போனது.

2024 நவம்பர் ஏலத்தில் சென்னை கொஞ்சம் திரும்பிப் பார்த்தது. அஷ்வினை 9.75 கோடிக்கும், குர்ஜப்னீத் சிங்கை 2.2 கோடிக்கும், விஜய் சங்கரை 1.2 கோடிக்கும், இளைஞர் ஆந்த்ரே சித்தார்த்தை 30 லட்சத்துக்கும் எடுத்தது. பலன்? 2025-ல் அணி பட்டியலில் கடைசி இடம். அஷ்வின் அந்த ஆகஸ்டில் ஐபிஎல்லுக்கே விடை சொல்லிவிட்டார். ஊர்க்காரர்கள் இருந்தால் கோப்பை வரும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை.

இப்போது கணக்கை அந்தப் பக்கத்திலிருந்து, ஆடுகிறவன் பக்கத்திலிருந்து போட்டுப் பாருங்கள். சென்னை அணிக்கு மட்டுமே சொந்தமான ஒரு நாற்றங்காலாக டிஎன்பிஎல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? சாய் கிஷோருக்கு மூன்றாவது வருடமும் பெஞ்சு. வருணுக்கு 8.4 கோடிக்குப் பதில், "அடுத்த வருஷம் பாப்போம் தம்பி". அமெரிக்காவில் இதுதான் நடந்தது. மைனர் லீக்கின் கீழ்ப்படி வீரருக்கு 2022 வரை ஆண்டுக்கு 4,800 டாலர்தான் சம்பளம். வேறு இடத்துக்குப் போகவும் முடியாது. சங்கம் சேர்த்து, பேச்சுவார்த்தை நடத்திய பிறகுதான் 2023-ல் அது 19,800 ஆனது.

பத்துப் பேர் விலை கேட்கிற சந்தை விவசாயிக்கு நல்லதா, ஒரே ஒரு கமிஷன் கடை நல்லதா? புளியங்குடி எலுமிச்சைச் சந்தைக்கு ஒரு தடவை மூட்டை கொண்டு போனவருக்குக்கூட இதற்குப் பதில் தெரியும். ஆகவே "சென்னை ஏன் எடுக்கவில்லை" என்பது ரசிகனுடைய குறை. அது வீரனுடைய குறை அல்ல. வீரனுக்கு ஒரு கதவு மூடினால் ஒன்பது கதவு பாக்கி.

அப்படியானால் எல்லாம் சுபமா? இல்லை. உண்மையான குறை வேறு இடத்தில் இருக்கிறது. அதைப் பற்றித்தான் டீக்கடையில் யாரும் பேசுவதில்லை.

மேலே சொன்ன பெயர்களை மறுபடி படியுங்கள். சாய் சுதர்சன் சென்னை. அப்பா ஓட்டக்காரர், அம்மா வாலிபால். சாய் கிஷோர் சென்னை. ஷாருக்கான் சென்னை. ஜெகதீசன் கோயம்புத்தூர். குளத்துக்குள் ஆடி வந்தவர் என்று சொல்ல அந்தப் பட்டியலில் நடராஜன் ஒருவர்தான். அவரும் எப்படி வந்தார்? ஊரில் ஒரு அண்ணன் அவர் கையில் இருந்த திறமையைப் பார்த்துச் சென்னைக்குக் கூட்டி வந்தார். நாலாம் டிவிஷன், பிறகு விஜய் கிரிக்கெட் கிளப், பிறகு ஜாலி ரோவர்ஸ். 2015-ல் ரஞ்சி. உடனே பந்துவீச்சு முறையில் சந்தேகம் என்று புகார், அதைச் சரி செய்யவே ஒரு வருடம். டிஎன்பிஎல் படிக்கு வருவதற்கு முன்பே அவர் ஏறிய படி இத்தனை! அந்தப் படிகள் எல்லாம் சென்னையில். அங்கே தங்க, சாப்பிட, காத்திருக்கக் காசு வேண்டும்.

வாசுதேவநல்லூர்க் குளத்துக்குள் 19 வயதில் இடது கையால் வேகமாகப் போடுகிற ஒருவன் இருக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவனுக்கு என்ன வேண்டும்? முதலில் தையல் போட்ட தோல் பந்து. டென்னிஸ் பந்தில் வேகம் தெரியும், ஸ்விங் தெரியாது. அந்தப் பந்தை மட்டுமே வைத்து ஒரு மாலைப்பொழுதும் ஆட முடியாது. எதிரே ஆடுகிறவனுக்கு பேட், காலில் பேட், கிளவுஸ், ஹெல்மெட். பிட்ச்சில் குறைந்தபட்சம் ஒரு மேட். எல்லாம் ஆயிரக்கணக்கில். ஷேர் ஆட்டோ மாதிரி ஆளுக்கு இருபது ரூபாய் போட்டு ஓடுகிற ஆட்டம் அல்ல அது. அப்புறம், "கையை இன்னும் கொஞ்சம் உயர்த்து" என்று சொல்ல ஒரு ஆள். கடைசியாக, தேர்வு எந்த நாள், எந்த மைதானம் என்று அவன் காதில் போட ஒரு ஆள்.

இவற்றில் ஒன்றுகூட ஐபிஎல் ஏலத்தோடு சம்பந்தப்பட்டதல்ல. சென்னை அணி 25 பேரையும் தமிழ்நாட்டிலிருந்தே எடுத்தாலும் அந்த இடது கைப் பையனுக்கு ஒரு தோல் பந்து வந்து சேராது.

கூடவே காலத்தின் கணக்கும் இருக்கிறது. டிஎன்பிஎல்லில் 8 அணி. அணிக்குச் சுமார் 20 பேர் என்றால் 160 இடம். 2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டு மக்கள்தொகை 7.2 கோடி. 2023 ஏலத்தில் கடைசிப் பிரிவு வீரருக்கு அடிப்படை விலை 1.5 லட்சம். ஒரு மாத ஆட்டத்துக்கு அது நல்ல பணம்தான், ஆனால் மீதிப் பதினோரு மாதம்? வீட்டில் "டிகிரி முடிச்சிட்டுப் பேங்க் பரிட்சை எழுதுல" என்கிற அப்பாவைக் குற்றம் சொல்ல முடியாது. அவர் கிரிக்கெட்டுக்கு விரோதி அல்ல. 160-ல் ஒருவனாக மகன் வரவில்லை என்றால் என்ன என்று அவர்தானே யோசிக்க வேண்டும்?

இருந்தும், நம்பிக்கைக்கு இடமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 2023 ஜூலை 10, சங்கர் நகர். நெல்லை ராயல் கிங்ஸுக்கு எதிரே திண்டுக்கல். கடைசி 12 பந்தில் 37 ரன் வேண்டும். பாதிக் கூட்டம் பஸ்ஸைப் பிடிக்க எழுந்திருக்கும் நேரம். 19-வது ஓவரில் ரித்திக் ஈஸ்வரனும் அஜிதேஷ் குருசாமியும் சேர்ந்து 33 ரன் எடுத்தார்கள். நெல்லை இறுதி ஆட்டத்துக்குப் போனது. அந்த சீசனில் எல்லோரையும்விட அதிக ரன் எடுத்தவர் அஜிதேஷ். இரண்டு நாள் கழித்து அதே மைதானத்தில் கோவையிடம் 104 ரன் வித்தியாசத்தில் தோற்றார்கள். அது வேறு கதை. ஆனால் அந்த 19-வது ஓவரை நேரில் பார்த்த எந்தப் பையனுக்கும் கிரிக்கெட் என்பது டிவிக்குள் மட்டும் நடக்கிற விஷயமாக இனி இருக்காது.

அதைவிடப் பெரிய நம்பிக்கை சின்னப்பம்பட்டியில் இருக்கிறது. நடராஜன் சம்பாதித்த பணத்தில் ஊரிலேயே ஒரு மைதானம் கட்டினார். 2023 ஜூனில் தினேஷ் கார்த்திக் வந்து திறந்து வைத்தார். அதற்கு முன்பே அவர் ஊர்க்காரர் பெரியசாமி, 2019 டிஎன்பிஎல் இறுதி ஆட்டத்தில் 15 ரன்னுக்கு 5 விக்கெட் எடுத்து சேப்பாக்கம் அணிக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்திருந்தார். ஒரே கிராமத்திலிருந்து இரண்டு பேர்! அந்த மண்ணில் மட்டும் யார்க்கர் விளைகிறதா என்ன? முதலில் போனவர் திரும்பி வந்து வழி சொன்னார். அவ்வளவுதான் ரகசியம்.

தென்காசி மாவட்டம் 2019-ல் பிறந்தது. இன்னும் சின்னப் பிள்ளை. அதற்குக் கோடிகள் வேண்டாம். தாலுகாவுக்கு ஒரு மேட் விக்கெட், ஒரு கிட் பை, வாரம் இரண்டு நாள் வந்து போகிற ஒரு பயிற்சியாளர். இதைச் செய்ய ஏலம் தேவையில்லை, சட்டமன்றத் தீர்மானமும் தேவையில்லை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் 'மாபெரும் கிரிக்கெட் போட்டி' என்று ஃபிளெக்ஸ் அடித்து, முதல் பரிசு, இரண்டாம் பரிசு என்று ஊர் ஊராகச் செலவாகும் பணத்தில் ஒரு பகுதி போதும். அதில் ஒரே ஒரு போட்டியைத் தோல் பந்தில் நடத்தினால்கூடப் போதும், யார் நிற்பான், யார் ஒதுங்குவான் என்று தெரிந்துவிடும்.

அடுத்த ஏலம் டிவியில் ஓடும்போது டீக்கடையில் மறுபடியும் அதே கேள்வி வரும். "சென்னை நம்மாளு எத்தன பேர எடுத்திருக்கான்?" கேட்கட்டும், தப்பில்லை. கூடவே இன்னொரு கேள்வியையும் யாராவது கேட்டு வைத்தால் நல்லது.

"ஏல, இந்த வருசம் நம்ம ஊர்லேர்ந்து செலக்‌ஷனுக்கு எத்தன பேருல போனான்?"

பதில் 'ஒருத்தனும் இல்ல' என்றால், அதற்கு மஞ்சள் சட்டைக்காரர்கள் பொறுப்பல்ல.